ஐந்து ஸ்பூன் கடிதம்

இனிப்பூட்டல் துறை தொடங்கப்பட்டதற்குக் காரணம் ஒரு முதியவர். அரசு அலுவலகம் ஒன்றில் கொடுத்த கடிதத்தை அவர் அந்த அலுவலகத்தின் படியிலேயே உட்கார்ந்து பிரித்துப் படித்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. விசாரணைக் குழு எட்டு மாதம் விசாரித்து முந்நூறு பக்கம் எழுதியது. கடிதம் சொன்ன விஷயத்தில் குற்றமில்லை, சொன்ன விதத்தில்தான் குற்றம் என்பது அதன் முடிவு. முதியவரின் வீட்டை இடிக்கப்போவதாகக் கடிதம் சொல்லியிருந்தது. வீடு பின்னால் இடிக்கப்பட்டது. அதைப் பற்றிக் குழுவுக்குக் கருத்து ஏதும் இல்லை.

அன்றிலிருந்து எந்த அலுவலகமும் பொதுமக்களுக்கு நேராகக் கடிதம் போட முடியாது. எழுதியதை எல்லாம் இனிப்பூட்டல் துறைக்கு அனுப்ப வேண்டும். அங்கே அது இனிப்பாகி, உறையில் போய், வீடு சேரும்.

அந்தத் துறைக்கு மாற்றலாகி வந்தவர்களில் ஒருவரை எல்லோரும் தந்தி என்று கூப்பிட்டார்கள். பத்தொன்பது வருடம் குடிநீர்ப் பண்டகசாலையில் பொருள்களுக்குச் சீட்டு எழுதியவர். 'வால்வு. துரு. ஆகாது.' என்று எழுதுவார். பேச்சும் அதே அளவுதான். பண்டகசாலையை மூடியபோது அவருக்கு வந்த கடிதத்தில், 'நான்கு சுவர்களுக்குள் அடைபட்டிருந்த தங்கள் திறமைக்கு விரிந்த வானம் திறக்கிறது' என்று இருந்தது. பதவி உயர்வு என்று நினைத்து சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால் இங்கே ஐந்து சுவர்கள் இருந்தன. கட்டடம் அப்படி.

முதல் நாள் இயக்குநர் வரவேற்றுப் பேசினார். அவர் குரல் அலாதியானது. வாசிக்கும்போது பொருளைக் கவனித்தால் குரலில் கசப்பு ஏறிவிடும் என்பதால், எதை வாசித்தாலும் அவர் பொருளைக் கவனிப்பதில்லை என்று பக்கத்தில் இருந்தவர் மரியாதையோடு தந்தியின் காதில் சொன்னார்.

"கசப்பு பொருளில் இல்லை, நாக்கில் இருக்கிறது" என்றார் இயக்குநர். "நல்ல செய்தி சொன்னவனின் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். நாம் ஒரு படி மேலே போயிருக்கிறோம். கெட்ட செய்தி சொல்கிறவனின் வாயிலும், கேட்கிறவனின் வாயிலும் முன்கூட்டியே போட்டுவிடுகிறோம். பொதுமக்கள் உண்மையைத் தாங்குவார்களா என்று சிலர் கேட்கிறார்கள். நான் அதைப் பொதுமக்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள்."

எல்லோரும் கை தட்டினார்கள். இயக்குநர் ஒரு வாக்கியத்தை முடித்ததும் குரலைச் சற்றே தாழ்த்துவார். அதுதான் கை தட்டும் இடம். முதல் வாரத்திலேயே அது பழகிவிடும்.

ஒவ்வொரு மேசையிலும் ஒரு கண்ணாடி ஜாடி, அதில் சர்க்கரை, அதில் ஒரு ஸ்பூன். சுற்றறிக்கைகளில் தேக்கரண்டி என்று எழுதுவார்கள், பேச்சில் ஸ்பூன்தான். எழுதுவதற்கு முன் எழுத்தர் தன் வாயில் சர்க்கரை போட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை ஸ்பூன் என்பது செய்தியைப் பொறுத்தது. தாமதம் என்றால் ஒன்று. மறுப்புக்கு இரண்டு. ஏதாவது பறிபோகிறது என்றால் மூன்று. வீடு, வேலை போகிறது என்றால் நான்கு. உடம்பு சம்பந்தப்பட்டது என்றால் ஐந்து. நல்ல செய்தி பூஜ்யம். அதற்குச் சர்க்கரை வீண். 'அனுமதிக்கப்பட்டது' என்று ஒரே சொல்லில் முகத்திலடித்தாற்போல் போகும்.

கீழ்த்தளத்தில் எல்லா அலுவலகங்களின் விசாரணைச் சாளரங்களும் இருந்தன. கேள்வி கேட்க வருகிறவருக்கு முதலில் டீ. எத்தனை ஸ்பூன் என்று சாளரத்திலிருந்து டீ மாஸ்டருக்குச் சீட்டுப் போகும். டீ மாஸ்டருக்கு எழுதப் படிக்க வராது, எண் மட்டும் தெரியும். கட்டடத்தில் யாருக்கு என்ன நடக்கப்போகிறது என்று முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"எதுவும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு சார்" என்றார் அவர் தந்தியிடம். "அஞ்சு போடும்போது மட்டும் கொஞ்சம் நல்லாக் கலக்கிக் குடுப்பேன். அடியில தங்கிடக் கூடாது பாருங்க."

தந்தி வீட்டுக்குப் போய் இதையெல்லாம் மனைவியிடம் சொன்னார். அவர் மனைவி தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டு மூன்று பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைத்தாள். பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. உதட்டில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டே தெருமுனை வரை கேட்கும்படி பேசுவாள். வீட்டில் இருவருக்குமாகச் சேர்த்து அவளே பேசினாள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். இருபது வருடமாக அந்த வீட்டின் சத்தம் என்பது மெஷினும் அவள் குரலும்தான்.

"நல்ல செய்தின்னா வெறும் டீயா?" என்று சிரித்தாள். "அப்ப எல்லாரும் கும்பிட்டுக்கிட்டு நிப்பாங்க, சாமி, சக்கரை மட்டும் போட்டுடாதேன்னு."

"நிக்கிறாங்க" என்றார் அவர்.

அதே வாரத்தில் அவள் தனக்குக் காலர் வைத்த ரவிக்கை ஒன்று தைத்து, கழுத்து அரை அங்குலம் இறுகுகிறது என்று கண்டுபிடித்தாள். அளவில் அவள் தவறு செய்கிறவள் இல்லை. நாடாவை மறுபடி வைத்துப் பார்த்தாள். விரலால் தடவினாள். தொண்டைக்குக் கீழே கோட்டுப் பொத்தான் அளவுக்கு ஏதோ ஒன்று இருந்தது. அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். ஊசியால் எடுத்து வைத்துக்கொண்டு, முடிவு கடிதத்தில் வரும் என்றார்கள்.

இருவரும் காத்திருந்தார்கள். ஊரெல்லாம் இனிப்பான கடிதத்துக்கு ஆசைப்பட்டபோது, தந்தி மட்டும் சர்க்கரை சேராத ஒரு கடிதத்துக்கு ஏங்கினார். 'ஒன்றுமில்லை' என்று ஒரே சொல். முடிந்தால் எழுத்துப் பிழையோடு.

துறையில் வேலை வளர்ந்துகொண்டே போனது. உடைந்த பாலத்தருகே 'பாலம் உடைந்தது, செல்லாதீர்' என்று சாலைப் பிரிவு வைத்திருந்த பலகை இனிப்பூட்டலுக்கு வந்தது. 'அக்கரை உங்களுக்காகக் காத்திருக்கிறது' என்று எழுதி அனுப்பினார்கள். இரண்டு லாரிகள் போயின. ஓட்டுநர்களின் குடும்பங்களுக்கு ஐந்து ஸ்பூன் கடிதம் எழுத வேண்டியிருந்ததால் அந்த வாரம் கூடுதல் நேரம் உட்கார்ந்தார்கள்.

உறை ஒட்டும் பசையில் வெல்லப்பாகு கலப்பதென்று ஒரு முடிவு வந்தது. ஐந்து ஸ்பூன் கடிதம் என்றால் காகிதத்தின் ஓரத்திலும் பாகு தடவ வேண்டும். உடனே எறும்பு வந்தது. கோப்புகளில், நாற்காலியில், இயக்குநரின் சட்டைப்பையில் எறும்பு. எறும்பு என்று எழுதக் கூடாது, 'நம் ருசியைப் பகிர்ந்துகொள்ளும் சிறு நண்பர்கள்' என்று எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அந்தச் சுற்றறிக்கையின் பாதியை நண்பர்கள் தின்றுவிட்டதால் மீதி என்னவென்று தெரியவில்லை.

கீழே சாளரத்தில் ஒரு ஆள், நாலு ஸ்பூன் டீயைக் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். "எனக்கு சக்கரை வியாதி. விஷயத்தை மட்டும் சொல்லுங்க." அது விதியில் இல்லை. அரை மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் குடித்தார். மயங்கி விழுந்தார். மருத்துவமனை அவரைப் பற்றி எழுதிய குறிப்பு மறுநாள் இனிப்பூட்டலுக்கு வந்தது. அவர் எதற்காக வந்திருந்தார் என்பதை யாரும் கடைசி வரை அவரிடம் சொல்லவில்லை.

தந்திக்கு அந்த வேலை கைவரவில்லை. அவர் எழுதியவை ஒரு ஸ்பூனைத் தாண்டவில்லை. கண்காணிப்பாளர் அம்மாள் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். கன்னத்தில் எப்போதும் ஒரு கற்கண்டை ஒதுக்கி வைத்திருப்பவர். மூன்று பல் போயிருந்தது.

"மூணு சொல்லு எப்பவும் கசப்பு சார்" என்றார். "பேரு, உறுப்பு, எண்ணு. பேரையும் உறுப்பையும் முதல் மேசையிலேயே கறுப்பு மை பூசித்தான் உங்ககிட்ட தருவாங்க. எழுதுறவர் மனசு கலங்கக் கூடாதுல்ல. உறையெல்லாம் கடைசி மேசை. எண்ணை எடுக்குறது மட்டும்தான் உங்க வேலை. அதையே செய்ய மாட்டேங்குறீங்க."

"தேதி வேணுமே மேடம்."

"எதுக்கு?"

தந்தி யோசித்தார். எதற்கு என்று சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறையில் வைத்துச் சொல்லத்தான் தெரியவில்லை.

மாதத்தின் மூன்றாம் தேதி காலையில் அவர் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. மருத்துவர் கையால் எழுதிய நாலு வரி. மேலே ஒன்றாம் தேதி என்று இருந்தது.

'■■■ கட்டி கெட்ட வகை. அறுத்து எடுக்க வேண்டும். பத்து நாளுக்குள் வரவும். தாமதித்தால் ■■■ போய்விடும்.'

தந்தி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே எழுதியதுபோல இருந்தது. மருத்துவமனையிலிருந்து தினம் நாற்பது கோப்பு வருகிறது, இது நாற்பதில் ஒன்று என்று சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து ஜன்னலருகே போய்க் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதல் மேசைக்காரர் தன் வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர். மைக்கு அடியில் ஒன்றும் தெரியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தார். ஐந்து ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு என்னவோ பேனா ஓடியது. பயந்தவனுக்குப் பேச்சு கூடிப்போகுமே, அது மாதிரி இருந்திருக்கலாம். மதியத்துக்குள் எழுதி முடித்துவிட்டார். கண்காணிப்பாளர் படித்தார். கற்கண்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"இத்தனை நாள் இதை எங்க வச்சிருந்தீங்க" என்றார். பிறகு பென்சிலால் ஒரு இடத்தைத் தொட்டார். "இங்க மட்டும் 'பத்து நாளுக்குள்' இருக்கு."

"அது இருக்கட்டும் மேடம்."

"வாழைப்பழத்துல ஊசி ஏத்துறதுதான் நம்ம வேலை. இது ஆணி சார். ஆணியை எப்படி ஏத்துறது?"

"இது மட்டும்."

"நான் அடிக்க மாட்டேன். நீங்களே உங்க கையால அடிக்கணும். அப்பத்தான் அது உங்க கடிதம்."

சன்னமான குரலில்தான் சொன்னார். கோபமே இல்லை. தந்தி பேனாவை எடுத்தார். வைத்தார். எதிர்மேசையில் எறும்புகள் வரிசையாக ஜாடியில் ஏறுவதைப் பார்த்தார். மறுபடி எடுத்து, பத்து நாளை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வேறு ஒன்று எழுதினார். வாக்கியம் இன்னும் அழகாகிவிட்டது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அந்தக் கடிதம் ஆண்டின் சிறந்த கடிதமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தந்திக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த வெள்ளி ஸ்பூன் கொடுத்தார்கள். கடிதத்தை நல்ல கையெழுத்துக்காரர் ஒருவர் பெரிய தாளில் பார்த்து எழுத வேண்டும், வெளி அலுவலகத்தார் பார்ப்பதற்காக அதுவரை அசல் கூடத்தில் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு வாரத்துக்கும் மேல் அது கண்ணாடிக்குள் இருந்தது. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

"அதை எப்ப அனுப்புவாங்க?" என்று தந்தி இரண்டு முறை கேட்டார். ஒரு கலைஞனின் தவிப்பு என்று இயக்குநர் அதைப் பாராட்டினார்.

வீட்டில் மனைவி பொறுமையிழந்தாள். எட்டாம் தேதி அவளே கீழ்த்தளச் சாளரத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். மாலையில் தந்தி வீட்டுக்கு வந்தபோது மெஷின் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"போயிட்டு வந்தேன்" என்றாள், ஊசியைக் கவ்விக்கொண்டே. "செய்தி நல்லா உடுத்திக்கிட்டு வந்துக்கிட்டிருக்காம். சாளரத்துல இருந்த பொண்ணு சொல்லுச்சு. அது கிடக்கட்டும். டீ குடுத்தாங்க."

அவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"வெறும் டீங்க. ஒரு துளி சக்கரை இல்ல. வாயே கோணிப்போச்சு. நான் அங்கயே நின்னு சிரிச்சுட்டேன், பக்கத்துல இருந்தவங்க ஒரு மாதிரியாப் பாத்தாங்க."

தந்தி நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் வெட்டிப்போட்ட துணித்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டார். பல நாளுக்குப் பிறகு அன்று ஒழுங்காகச் சாப்பிட்டார்.

கடிதம் பதினான்காம் தேதி வந்தது. தந்தி விடுப்பு எடுத்திருந்த நாள், காலை பத்து மணி. தபால்காரர் உறையை விரல் நுனியில் பிடித்து உதறிவிட்டுக் கொடுத்தார். உதிர்ந்தது போக நாலைந்து எறும்பு உறையின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவள் ஊசிகளை உதட்டிலிருந்து எடுத்து ஊசித் திண்டில் குத்திவிட்டு, அவருக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

"அன்பும் மதிப்பும் நிறைந்த தங்களுக்கு. தங்கள் உடல் தன் நெடுநாள் மௌனத்தைக் கலைத்து எங்களோடு உரையாட விரும்பியிருப்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறோம்."

கையிலிருந்த சட்டையோடு தந்தி அப்படியே நின்றார்.

"அங்கே ஒரு சிறு விருந்தாளி வந்து தங்கியிருக்கிறார். அவரை வழியனுப்பிவைக்கும் பேறு எங்களுக்குக் கிடைத்தால் பெருமைப்படுவோம். மாலைக் காற்று மெல்ல வீசும் ஏதோ ஒரு நாளில், தங்களுக்கு வசதியான வேளையில், இந்தப் பக்கம் வந்துபோனால் எங்கள் வாசல் குளிரும்." அவள் சிரித்தாள். "எவனோ ரசிச்சு எழுதியிருக்கான். பாருங்க, வசதிப்படும்போது வரச் சொல்றாங்க. பெருசா ஒண்ணும் இருக்காது. இந்த அறுபது சீருடையை முடிச்சுக் குடுத்துட்டு, மாசக் கடைசியில போய்ட்டு வந்துடலாம்."

அவர் உள்ளே வந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் முகம் இப்படி இருக்கு?"

வாயைத் திறந்தார். "உன்னோட உடம்பு ரொம்ப நாளா நம்மகிட்ட ஏதோ சொல்லணும்னு... அதாவது, பயப்படுறதுக்கு ஒண்ணுமில்லாத ஒரு சின்ன..."

இருபது வருடத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கடிதத்தின் ஓரத்தை விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது.

"எத்தனை ஸ்பூன் இது?"

"அஞ்சு."

"எனக்கு வெறும் டீதானே குடுத்தாங்க?"

மெஷினின் சக்கரம் தானாக அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

"சக்கரையை எடுத்துட்டு சொல்லுங்க" என்றாள்.

"கட்டி. கெட்டது. அறுக்கணும். பத்து நாளுக்குள்ள."

"என்னைக்கு இருந்து?"

"ஒண்ணாம் தேதி."

அவள் நாள்காட்டியைப் பார்த்தாள். அளவு எடுக்கும்போது பார்ப்பதுபோல, ஒரு முறைதான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் எழுதினது."

"பத்து நாளு?"

"நான்தான் எடுத்தேன்."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் கேட்டாள்: "தள்ளிப்போனா என்ன ஆகும்னு இருந்துச்சு?"

"ஏதோ போயிடும்னு. எதுன்னு மறைச்சிருந்தாங்க. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். தெரியல."

"தெரிஞ்சிருந்தா?"

அவர் தலை குனிந்துகொண்டார். அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து வைத்தாள். மெஷினுக்கு உறையைப் போட்டாள்.

"கிளம்புங்க" என்றாள்.

மருத்துவமனையில் மருத்துவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருந்தது. அதில் துறை அனுப்பிய ஒரு இளைஞர் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் நோயாளியோடு நேராகப் பேசக் கூடாதென்று புது விதி.

"நாள் கடந்துபோச்சு" என்றார் மருத்துவர். நரைத்த தலை, களைத்த முகம்.

"காலம் கனிந்திருக்கிறது என்கிறார்கள்" என்றார் இளைஞர்.

"நரம்பைத் தொட்டிருச்சு."

"மிக நெருக்கமான ஓர் உறவு ஏற்பட்டிருப்பதாக..."

"தம்பி" என்றாள் தையல்காரி. "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

"எனக்கு அனுமதி இல்லைங்க அம்மா."

"அப்ப வாயில எதையாவது போட்டுக்குங்க."

அவர் கீழ்ப்படிந்து ஒரு கற்கண்டைப் போட்டுக்கொண்டார். மருத்துவர் அவளை நேராகப் பார்த்தார்.

"குரலுக்குப் போற நரம்பு. நான் எழுதும்போது நூலிடை தூரத்துல இருந்துச்சு. பத்து நாள்னு எழுதினேனே. நாலு வரியில அது ஒண்ணுதான் முக்கியம். உயிருக்கு ஒண்ணும் வராது. நரம்பைக் காப்பாத்த முடியும்னு மட்டும் என்னால சொல்ல முடியல."

"குரலா?" என்றாள் அவள். பிறகு, அறையில் இருக்கிற யாரிடமும் இல்லாமல், மறுபடி ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். "குரலு."

அறுவைக்கு முதல் நாள் வரை அவள் நிறையப் பேசினாள். சீருடை கேட்டு வந்தவர்களிடம், பக்கத்துப் படுக்கைக்காரியிடம், நர்ஸிடம். அவரிடம் கொஞ்சம்தான். அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, "காஸை மூடினோமா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். அதுதான் கடைசி. அவள் வேறு ஏதாவது கேட்டிருக்கலாம் என்று அவர் பிற்பாடு பல நாள் யோசித்தார்.

கட்டியும் நரம்பும் ஒட்டியிருந்தன. இரண்டையும் சேர்த்துத்தான் எடுக்க முடிந்தது. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது.

வேலைக்குத் திரும்பிய அன்று தந்தி டீ மாஸ்டரிடம் போய் நின்றார். எட்டாம் தேதியைப் பற்றிக் கேட்டார்.

"எட்டா? அன்னைக்கு சக்கரை லோடு வரல சார். உங்க கூடத்துல கண்காட்சி நடந்துச்சுல்ல, பாகுக்குன்னு மொத்தத்தையும் மேல எடுத்துக்கிட்டாங்க. எல்லாருக்கும் வெறும் டீதான்." அவர் பால் சட்டியைத் துடைத்தார். "பாவம், எத்தனை பேரு சிரிச்சுக்கிட்டே போனாங்க தெரியுமா?"

வீட்டில் மெஷின் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. அவள் தையல் சாக்கட்டியால் துணித்துண்டில் எழுதிக் காட்டினாள். 'உப்பு.' 'பொத்தான் வாங்கணும்.' 'சீருடை 40 ஆச்சு.' அவரைக் கூப்பிட வேண்டுமென்றால், கண்ணாடிப் பெட்டியிலிருந்து அந்த வெள்ளி ஸ்பூனை எடுத்து டம்ளரில் தட்டினாள். அது வேலைக்கு ஆனது அப்போதுதான். மணிபோல நல்ல சத்தம். பின்கட்டு வரை கேட்டது.

துறைக்கு வருகிற புகார்களும் இனிப்பூட்டப்பட்ட பிறகே இயக்குநருக்குப் போகும். இருபத்தேழாம் தேதி தந்தியின் மேசைக்கு ஒரு புகார் வந்தது. பெயர் இருந்த இடத்தில் கறுப்பு மை. ஆனால் தாள், துணி வெட்ட அச்சு வரைகிற பழுப்புக் காகிதம். ஓரத்தில் குண்டூசித் துளைகள். மேலும் மை உறுப்பைத் தப்பவிட்டிருந்தது. குரல் உறுப்பு ஆகாது என்று முதல் மேசைக்காரர் அபிப்பிராயப்பட்டிருக்க வேண்டும்.

உறுப்பு இல்லையென்றால், பறிபோனதற்கு விதிப்படி மூன்று ஸ்பூன். தந்தி ஜாடியைத் திறக்கவில்லை. ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. ஸ்பூன் கணக்கைக் குத்துகிற முத்திரைக் கட்டைகளில், பத்தொன்பது வருடம் சீட்டு எழுதிய கையால், பூஜ்யத்தைத் தேடி எடுத்துக் குத்தினார்.

கண்காணிப்பாளர் முத்திரையை மட்டும் பார்த்தார். "பாராட்டுக் கடிதமா?" என்றார் சந்தோஷமாக. "ஆண்டு விழாவுல வாசிக்க ஒண்ணுகூட வரலையேன்னு இயக்குநர் வருத்தத்துல இருந்தார்."

விழாவுக்குக் குடும்பத்தோடு வர வேண்டும் என்பது கட்டாயம். விருது பெற்றவர் குடும்பத்துக்கு முதல் வரிசை. கழுத்தில் காயத்தை மறைக்க உயர்ந்த காலர் வைத்துத் தைத்த ரவிக்கையில் தையல்காரி வந்து உட்கார்ந்தாள். எல்லோருக்கும் ஐந்து ஸ்பூன் பானகம் கொடுத்தார்கள். அவள் தொடவில்லை.

இயக்குநர் மைக் முன்னால் நின்று பழுப்புக் காகிதத்தைப் பிரித்தார்.

"பொதுமக்களில் ஒருவர் எழுதியது. நம் துறை இதற்கு ஒரு துளிச் சர்க்கரையும் சேர்க்கவில்லை. தன்னளவிலேயே அவ்வளவு இனிமை" என்றார். அந்த அலாதியான குரலில் வாசித்தார்.

"டாக்டர் பத்து நாள் என்று எழுதினார். நீங்கள் அதை எடுத்துவிட்டீர்கள். எனக்குக் குரல் போய்விட்டது. எடுத்தவர் என் வீட்டுக்காரர். அவரிடம் கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. உங்களிடமும் கேட்கிறேன். அந்தப் பத்து நாள் உங்களுக்கு என்ன செய்தது?"

குரலைச் சற்றே தாழ்த்தினார். கூடம் முழுக்கக் கை தட்டியது. கண்காணிப்பாளர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தந்தி கையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை எளிய நடை" என்றார் இயக்குநர். "இந்தச் சகோதரி அவையில் இருந்தால், மேடைக்கு வந்து நம்முடன் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்."

தையல்காரி எழுந்தாள். தந்தி அவள் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் விட்டார். அவள் படியேறி மைக் முன்னால் வந்து நின்றாள். இயக்குநர் மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கி வைத்துவிட்டு, புன்னகையோடு ஒதுங்கினார்.

அவள் வாயைத் திறந்தாள். ஒலிபெருக்கியில் மூச்சு வந்தது. போனது. மறுபடி வந்தது. பின்வரிசையில் டீ மாஸ்டர் தட்டைக் கீழே வைத்தார். அவள் யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்கிறவள்போல, நிறுத்தி, நிதானமாக, உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கே முடிகிறது என்று தெரியாததால், யாராலும் கை தட்ட முடியவில்லை.